நிறையும் எண்ணிக்கையும்: வெற்றுத் தோட்டாக் கோதின் வாணிப வரலாறு

போர்க்கருவிகளின் வரலாற்றை எழுதியோர் பீரங்கியையும் துப்பாக்கியையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். சுட்டபின் நிலத்தில் வீழ்ந்து கிடக்கும் பித்தளைக் கோதினை அவர்கள் அத்துணை பொருட்படுத்தியதில்லை. ஆயினும், ஐக்கிய அமெரிக்காவில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அவ்வெற்றுக்கோது பொறுக்கப்பட்டும், தரம் பிரிக்கப்பட்டும், விற்கப்பட்டும் வந்துள்ளது. அது பழைய உலோகமா, அன்றி ஆயுதத்தின் உறுப்பா என்னும் வினா இவ்வாணிபத்தை அதன் தோற்றம் முதல் தொடர்ந்து வருகின்றது. அவ்வினாவுக்கு அரசும் சந்தையும் அளித்த விடைகள் காலத்துக்குக் காலம் வேறுபட்டமையை வரலாறு காட்டுகின்றது.

தோட்டா நான்கு உறுப்புகளால் ஆனது. இலக்கை நோக்கிச் செல்லும் சன்னம், அதனைத் தள்ளும் வெடிமருந்து, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் என்னும் எரியூட்டி, இவை மூன்றையும் ஒருங்கே தாங்கும் கோது என்பனவே அவை. விசையை இழுத்த கணத்தில் மருந்து எரிந்துபோகின்றது; சன்னம் வெளியேறுகின்றது; எரியூட்டி பயனற்றதாகின்றது. எஞ்சுவது கோது ஒன்றே. ஏறத்தாழ 70 வீதம் செப்பும் 30 வீதம் நாகமும் கலந்த பித்தளைத் தகட்டைக் கிண்ணம்போல் அழுத்தி, பலமுறை இழுத்து நீட்டி, இடையிடையே சூடாக்கி இளக்கி அது உருவாக்கப்படுகின்றது. தோட்டாவின் உறுப்புகளுள் பொதுவாக விலைகூடியதும் அதுவேயாகும். விலைகூடிய உறுப்பே அழியாது எஞ்சுகின்றமை இவ்வாணிபத்துக்கு அடிப்படையாயிற்று.

எனினும், எஞ்சுகின்ற கோதுகள் யாவும் மீண்டும் நிரப்பத்தக்கவையல்ல. 1866 ஆம் ஆண்டில் இருவகை எரியூட்டி அமைப்புகள் தோன்றின. ஒன்று, இங்கிலாந்தின் வூலிச்சிலிருந்த அரச ஆய்வுகூடத்தின் அத்தியட்சகர் எட்வேட் பொக்சர் வகுத்தது. மற்றையது, அமெரிக்க உள்நாட்டுப் போரில் குறிசுடும் படையை நடத்திய ஹைறம் பேர்டன் வகுத்தது. பொக்சர் முறையில் கோதின் அடியில் நடுவே ஒரு துளை மாத்திரம் உண்டு. மெல்லிய ஊசியொன்றை உட்செலுத்திப் பழைய எரியூட்டியை எளிதில் தள்ளிவிடலாம். பேர்டன் முறையிலோ நடுவில் சிறு முனையும் அதன் மருங்கில் இரு நுண்துளைகளும் அமைந்தமையால் அவ்வேலை கடினமாயிற்று. ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவிலும், அமெரிக்கரின் முறை ஐரோப்பாவிற் பெரும்பகுதியிலும் நிலைபெற்றமை வரலாற்று முரணாகும். அமெரிக்காவில் வெற்றுக்கோது வாணிபம் செழித்தமைக்கு அவ்வொற்றைத் துளை பெரிதும் துணைபுரிந்தது எனலாம்.

1870களில் அமெரிக்கச் சமவெளிகளில் காட்டெருமைகளை வேட்டையாடியோர் கடைத்தெருக்களிலிருந்து நெடுந்தூரம் விலகி வாழ்ந்தனர். ஈயத்தையும் வெடிமருந்தையும் மொத்தமாகக் கொண்டுசென்று, பகலிற் சுட்ட கோதுகளைப் பாசறையில் மீண்டும் நிரப்பி அவர்கள் பயன்படுத்தினர். காட்டெருமைக் கூட்டங்கள் மிகக் குறைந்த செலவில், மிகக் குறுகிய காலத்தில் அழிக்கப்பட்டமைக்கு இச்சிக்கனமும் உடந்தையாயிற்று. 1880களில் அமெரிக்கத் தரைப்படையும் மீள நிரப்பத்தக்க கோதுகளை ஏற்றுக்கொண்டு, படைவீரரின் பயிற்சிக்காக அவற்றைத் திரும்பவும் பயன்படுத்தியது. அக்காலத்தில் நியூ ஹேவன் நகரில் ஜோன் பார்லோ நிறுவிய ஐடியல் தொழிலகம், தனிமனிதர் தம் கையாலேயே தோட்டா நிரப்புவதற்கான சிறு கருவிகளைப் பரப்பியது. இங்ஙனம் படைக்கலச் சாலையின் தொழில் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது.

அமெரிக்காவிற் சிக்கனமாகக் கருதப்பட்ட இதே செயல், பிரித்தானிய இந்தியாவின் வடமேற்கு எல்லையில் அச்சத்துக்குரியதாயிற்று. கோகாற் கணவாயிலிருந்த பழங்குடியினரின் பட்டறைகளில் துப்பாக்கிகள் செய்யப்பட்டதோடு, வெற்றுக்கோதுகளும் மீள நிரப்பப்பட்டன. ஆதலின் சுட்ட கோதுகளை எதிரியின் கைக்கு விடாது பொறுக்கிச் சேர்ப்பது ஆங்கிலப் படையினரின் கடமையாக்கப்பட்டது. யார் கையிற் சேர்கின்றது என்பதைக் கொண்டே கோதின் இயல்பு அங்கு நிர்ணயிக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போர் பித்தளையின் அருமையை அமெரிக்கருக்கு மேலும் உணர்த்தியது. செப்புத் தட்டுப்பாட்டினால், எவன்ஸ்வில் நகரின் மோட்டார் வாகனத் தொழிற்சாலையொன்று .45 கைத்துப்பாக்கித் தோட்டாக்களை உருக்குக் கோதுகளில் உற்பத்தி செய்தது. அங்கு உருவான 300 கோடிக்கும் மேற்பட்ட தோட்டாக்களுட் பெரும்பாலானவை உருக்குக் கோது உடையனவே. 1943 இல் ஒரு சதக் குற்றியும் நாகம் பூசிய உருக்கினால் வார்க்கப்பட்டது. 1944 முதல் 1946 வரை வெளியான சதக் குற்றிகளுக்கோ, சுட்ட கோதுகளிலிருந்து மீட்கப்பட்ட உலோகம் பயன்பட்டது. போர்க்களத்தின் கழிவு நாட்டின் நாணயமாகியமை குறிப்பிடத்தக்கது.

போருக்குப் பின் கைத்துப்பாக்கிக் கோதே இவ்வாணிபத்தின் முதன்மைப் பண்டமாயிற்று. .38 ஸ்பெஷல், .45, 9 மில்லிமீற்றர் ஆகிய வகைகளின் கோதுகள் நெடிய கழுத்தற்றவை. நீள்துப்பாக்கித் தோட்டாவிலும் குறைந்த அமுக்கத்தையே தாங்குபவை. எனவே அவை பத்து முறைக்கும் மேலாக நிரப்பத்தக்கவை. குறிசுடும் பயிற்சிக் களங்களில் குவியும் கோதுகளை வணிகர் நிறைக்கணக்கில் வாங்குகின்றனர். உருக்கு, அலுமினியக் கோதுகளை நீக்கி, வெடிப்புற்றவற்றை ஒதுக்கி, அளவின்படி பிரித்து, தேய்த்துத் துலக்கிய பின் ஆயிரக் கணக்கில் எண்ணி விற்கின்றனர். படைத்துறைக் கோதாயின் எரியூட்டியைச் சுற்றி இறுக்கப்பட்ட விளிம்பைச் செதுக்கும் வேலையும் உண்டு. நிறுத்து வாங்கி எண்ணி விற்பதே இவ்வாணிபத்தின் சாரமாகும். பழைய உலோகமாயின் அதன் விலை பித்தளையின் விலை. எண்ணப்படும்போதோ உலோகத்துக்கு மேலாக அதன் வடிவமும், அவ்வடிவத்திற் பொதிந்த உழைப்பும் விலைபெறுகின்றன.

அரசு இவ்வடிவத்தை எவ்வாறு நோக்கியது? 1968 இல் மாட்டின் லூதர் கிங், றொபேட் கெனடி ஆகியோரின் கொலைகளைத் தொடர்ந்து நிறைவேறிய துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், முழுத் தோட்டாவை மாத்திரமன்றிக் கோது, எரியூட்டி, சன்னம், வெடிமருந்து ஆகிய ஒவ்வொன்றையும் ‘தோட்டா’ என்றே வரையறுத்தது. மாநிலங்களுக்கிடையே தபால் மூலம் தனிமனிதருக்குத் தோட்டா அனுப்புவதையும் அது தடைசெய்தது. சட்டத்தின் கண்ணில் வெற்றுக்கோது ஆயுதத்தின் பாற்பட்டதாயிற்று. 1986 இல் நிறைவேறிய துப்பாக்கி உடைமையாளர் பாதுகாப்புச் சட்டம் அத்தடையை நீக்கியது. ஆயினும் பழைய வரையறை மாற்றப்படவில்லை. பெயரளவில் ஆயுதமாக இருந்தவாறே அது தபாற்பொதியில் தாராளமாகச் செல்லலாயிற்று.

இம்முரண்பாடு 2009 மார்ச்சில் வெளிப்பட்டது. படையினர் சுட்ட கோதுகளை நசுக்கிச் சிதைத்த பின்னரே விற்கவேண்டும் என்று பாதுகாப்புத் திணைக்களம் பணித்தது. சிதைத்த கோது எண்ணத்தக்கதன்று. நிறுக்க மாத்திரமே தக்கது. வணிகரும் மீள நிரப்புவோரும் கொதித்தெழுந்தனர். மொன்ரானா மாநிலத்தின் இரு செனற்றர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதே மாதத்தில் அக்கட்டளை கைவிடப்பட்டது. அப்பிணக்கிற் பித்தளையின் அளவு ஓர் அவுன்ஸ்தானும் மாறவில்லை. வடிவம் நிலைக்குமா என்பதே வழக்காயிற்று.

வெற்றுக்கோது குற்றமற்ற உலோகம் என்பாரும், அது பாதித் தோட்டா என்பாரும் தத்தம் பக்கத்தில் உண்மையின் ஒரு கூற்றையே கொண்டுள்ளனர். உருக்கினால் அது நாணயமாகும். நிரப்பினால் உயிரைக் குடிக்கும். மீள்பயன்பாடு பொதுவாகப் போற்றத்தக்க சிக்கனமே. ஆயின் எதனைச் சிக்கனப்படுத்துகிறோம் என்ற வினாவை விடுத்துச் சிக்கனத்தைப் போற்றுதல் இயலாது. சமவெளியிற் காட்டெருமைகளுக்கு நேர்ந்த கதி அதற்குச் சான்றாகும். மலிந்த தோட்டாவின் விலையைச் சுடுபவர் மாத்திரம் கொடுப்பதில்லை. அவ்விலையின் எஞ்சிய பகுதியை யார் கொடுக்கின்றனர் என்பதை நிறைகோலோ எண்ணிக்கையோ காட்டுவதில்லை. அதனைக் காட்டுவது வரலாற்றின் கடமையாகும்.