உலோகப்போலிகள்

உலோகங்களுக்கும் அலோகங்களுக்கும் இடைப்பட்ட பண்புகளைக் கொண்ட தனிமங்கள். போரான், சிலிக்கன், ஜெர்மானியம், ஆர்சனிக், ஆன்டிமனி, டெலூரியம் ஆகிய ஆறும் பொதுவாக இவ்வகையில் சேர்க்கப்படுகின்றன. பொலோனியம், அஸ்டடின் ஆகியவற்றைச் சேர்ப்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தனிம வரிசை அட்டவணையில் போரானிலிருந்து வலப்புறமாகக் கீழிறங்கும் படிக்கட்டுக் கோட்டை ஒட்டி இவை அமைந்துள்ளன. அதே கோட்டை ஒட்டியிருந்தாலும் அலுமினியம் உலோகமே.

வேறுபடுத்தும் முறை: உலோகங்களைத் தகடாக அடிக்கலாம், கம்பியாக இழுக்கலாம், திட அலோகங்கள் நொறுங்கும். உலோகப்போலிகள் பளபளப்பானவை, ஆனால் நொறுங்கக்கூடியவை. வெப்பநிலை உயர்ந்தால் உலோகங்களின் மின்கடத்துதிறன் குறையும். சிலிக்கன், ஜெர்மானியம் போன்ற குறைகடத்திகளில் அது கூடும். உலோக ஆக்சைடுகள் பெரும்பாலும் காரத்தன்மையும், அலோக ஆக்சைடுகள் அமிலத்தன்மையும் கொண்டவை. உலோகப்போலிகளின் ஆக்சைடுகள் ஈரியல்பு அல்லது மென் அமிலத்தன்மை உடையவை.

ஒரே பண்பை வைத்து முடிவு செய்யக் கூடாது. பாதரசம் அறை வெப்பநிலையில் திரவம், ஆயினும் உலோகம்; கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், ஆயினும் கார்பன் அலோகம்.

வரலாறு: சிலிக்கனுக்குக் கீழே ஒரு தனிமம் இருக்க வேண்டும் என்றும், அதன் அணு எடை சுமார் 72 என்றும் 1871இல் மெண்டலீவ் கணித்தார். 1886இல் ஜெர்மனியின் கிளெமன்ஸ் விங்க்ளர் ஜெர்மானியத்தைக் கண்டறிந்தார். அதன் அணு எடை 72.6. தனிம வரிசை விதிக்குக் கிடைத்த மகத்தான சான்றுகளுள் இது ஒன்று.

பயன்: 1947இல் உருவான முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மானியத்தால் ஆனது. இன்றைய கணினிச் சில்லுகளுக்கும் சூரிய மின்கலங்களுக்கும் சிலிக்கனே அடிப்படை.