மிளகும் நெல்லும்: திருவிதாங்கூர் அரசின் ஏற்றுமதிக் கொள்கையும் உணவு வழங்கலும்

ஓர் அரசு தன் மண்ணின் விளைபொருளைக் கடல் கடந்து விற்பதும், தன் மக்களுக்கு அரிசி தேடுவதும் வெவ்வேறு பணிகளாகத் தோன்றலாம். ஆயினும் வரலாற்றில் அவை ஒன்றோடொன்று பிணைந்தே வந்துள்ளன. இந்தியாவின் தென்மேற்குக் கரையில் விளங்கிய திருவிதாங்கூர் இதற்குத் தக்க சான்றாகும். ஏற்றுமதியைத் தன் கைக்குள் கொண்டுவருவதில் இவ்வரசு காட்டிய திறமையை உணவு வழங்கலிற் காட்டுவதற்கு இருநூறு ஆண்டுகள் சென்றன. அத்தாமதத்தின் விலையைக் கொடுத்தோர் யாவர் என்பது ஆராயத்தக்கது.

மார்த்தாண்டவர்மர் 1729 இல் ஆட்சிக்கு வந்தபோது, மிளகு விளையும் நிலங்கள் பல சிற்றரசுகளிடையே பிரிந்து கிடந்தன. ஒல்லாந்தக் கம்பனி அவற்றுடன் தனித்தனியே உடன்படிக்கை செய்து மிளகைப் பெற்றுவந்தது. 1741 இல் ஒல்லாந்தரைக் குளச்சலில் முறியடித்த மன்னர், காயங்குளம் முதலிய சிற்றரசுகளையும் அடக்கி, மிளகு வணிகத்தை அரசின் தனியுரிமையாக்கினார். தளவாய் இராமய்யன் இதற்கெனத் தனித் துறையையும் பண்டகசாலைகளையும் அமைத்தார். விளைவித்தவர் அரசு குறித்த விலைக்கு அரசிடமே விற்றல் வேண்டும். பிறநாட்டு வணிகர் அரசிடமே வாங்குதல் வேண்டும். 1753 இல் ஏற்பட்ட மாவேலிக்கரை உடன்படிக்கையின்படி, ஒல்லாந்தர் மிளகைப் பெறுவதற்காகப் படைக்கலம் வழங்கவும் உள்நாட்டுப் பூசல்களிலிருந்து விலகி நிற்கவும் இசைந்தனர். 1762 இல் திறக்கப்பெற்ற ஆலப்புழைத் துறைமுகம் இவ்வமைப்பிற்கு வாயிலாயிற்று.

இவ்வரசு நெல்லைப் புறக்கணித்தது எனக் கூறுவதற்கில்லை. தெற்கே நாஞ்சில் நாட்டின் நீர்ப்பாசனத்தைப் பேணுவதில் அது கருத்தூன்றியது. ஆயின், அரசு திரட்டிய நெல் முதலிற் சென்றடைந்த இடங்கள் கோயில்களும், அந்தணர்க்கு உணவளித்த ஊட்டுப்புரைகளும் ஆகும். மிளகுக் கொடியை வளர்த்தவனும் வயலில் உழைத்தவனும் அரசின் உணவுக் கணக்கில் இடம்பெறவில்லை. அவர்கள் அரசுக்குப் பொருள் தருவோராகவே மதிக்கப்பட்டனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வமைப்பு மாறியது. திவான் மாதவ ராவ் காலத்தில், 1860 இல் மிளகுத் தனியுரிமையும் 1863 இல் புகையிலைத் தனியுரிமையும் நீக்கப்பட்டன. பின்னதில் யாழ்ப்பாணத்து விவசாயிகளுக்கும் தொடர்புண்டு. அவர்களது புகையிலைக்குத் திருவிதாங்கூர் நெடுங்காலச் சந்தையாக இருந்தது. 1865 இல் பிரித்தானிய இந்தியாவுடனும் கொச்சியுடனும் செய்த உடன்படிக்கை, பெரும்பாலான பண்டங்களின் மீதிருந்த சுங்கத் தடைகளை அகற்றியது. அரசு வணிகனாக இருந்த நிலை மாறி, வணிகத்திற்கு வழிவிடும் நிலை உருவாயிற்று.

இதன் பயனாகத் தென்னை, கயிறு, தேயிலை, றப்பர் ஆகியவற்றின் ஏற்றுமதி பெருகிற்று. ஏற்றுமதிப் பயிர்கள் பரவிய நாட்டில் அரிசித் தேவையின் பெரும்பங்கை இறக்குமதியே நிறைவுசெய்யலாயிற்று. அதில் பர்மா அரிசி முதன்மை பெற்றது. விசாகம் திருநாள் மன்னர் (1880–1885) ஊக்குவித்த மரவள்ளிக்கிழங்கு ஏழைகளின் துணையுணவாயிற்று. குட்டநாட்டுக் காயல்களை வரம்பு கட்டி இறைத்து வயலாக்கும் முயற்சி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சில ஆண்டுகள் தடைசெய்யப்பட்டது. கொச்சித் துறைமுகம் பாதிப்புறும் என்ற அச்சமே அதற்குக் காரணம். துறைமுகமும் வயலும் மோதியபோது துறைமுகமே வென்றது என்பது இங்குக் கருதற்பாலது.

1942 இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அரிசிக் கப்பல்கள் நின்றன. கயிற்றுப் பொருள்களின் ஏற்றுமதியும் போரினாற் குலைந்தது. ஏற்றுமதியையே நம்பி வாழ்ந்த சேர்த்தலைப் பகுதித் தொழிலாளர்க்கு அரிசியும் இல்லை, அரிசி வாங்கக் கூலியும் இல்லை என்ற நிலை ஏற்பட்டது. பட்டினியும் நோயும் பல உயிர்களைக் கொண்டன. 1943–44 ஆம் ஆண்டுகளின் இந்நிலையை ஆராய்ந்து கே. ஜி. சிவசாமியும் பிறரும் 1945 இல் வெளியிட்ட நூல் இதற்குச் சான்றாகும். வங்காளத்துப் பெரும் பஞ்சத்தின் நிழலில் இத்துயரம் போதிய கவனம் பெறவில்லை.

அப்போதுதான் திவான் சி. பி. இராமசாமி ஐயரின் நிருவாகம் பங்கீட்டு முறையை நாடெங்கும் விரிவுபடுத்தியது. உழவரிடமிருந்த உபரி நெல்லை அரசே கொள்முதல் செய்தது. காயலிலிருந்து புதிய நெல்வயல்களை மீட்பதற்கும் ஊக்கமளித்தது. சித்திரா, மார்த்தாண்டம், ராணி என்னும் காயல் நிலங்கள் இக்காலத்தில் உருவானவையே. குறித்த விலைக்கு விளைபொருளைத் திரட்டுதல், பண்டகசாலையிற் சேர்த்தல், அரசே வழங்குதல் ஆகிய இம்முறைகளுள் எதுவும் புதியதன்று. 1740களில் மிளகுக்காக வகுக்கப்பட்ட முறையே 1940களில் நெல்லுக்குப் பயன்பட்டது எனலாம்.

எனவே, திருவிதாங்கூரிடம் இல்லாதிருந்தது ஆற்றலன்று. அவ்வாற்றலை யாருக்காகப் பயன்படுத்துவது என்ற தெளிவே. 1946 ஒக்டோபரில் புன்னப்பிரா, வயலார் ஆகிய இடங்களிற் கிளர்ந்தெழுந்தோரும் அதே கயிற்றுத் தொழிலாளரும் வயற்கூலிகளுமே. அவ்வெழுச்சிக்கு அரசியற் காரணங்கள் பல உண்டு. ஆயினும் பசித்த ஆண்டுகளின் நினைவை அவர்களது சினத்திலிருந்து பிரித்துப் பார்த்தல் இயலாது. ஏற்றுமதி வருவாயால் நிறைந்த கருவூலம், அவ்வருவாயை ஈட்டித் தந்தவரின் உணவுக்கு உறுதி அளிக்காதபோது, அவ்வரசின் வலிமை கணக்கேட்டளவிலேயே நின்றுவிடும்.