நரகச் சித்திரமும் காலாரி மூர்த்தமும்

நரகத்தைக் கட்புலனாக்கப் புகும் கைவினைஞனுக்கு முதற்கண் எதிர்ப்படும் இடர் ஒன்றுண்டு. நரகத்திலே துன்புறுவது மண்ணிலே விட்டொழிந்த தூலவுடம்பன்று. யாதனா சரீரம் என்று நூல்கள் கூறும் வேறோருடம்பு. அது வெட்டுண்டும் ஒழியாது, வெந்தும் நீறாகாது. அழியாது நின்று வருந்தும் அவ்வுடம்பைத் துணியிலுங் கல்லிலுங் காட்டுமாறு யாங்ஙனம் என்பதே நரகச் சித்திரத்தின் வரலாறு முழுதும் ஊடுருவி நிற்கும் வினா.

இச்சித்திரம் தொன்மையானது. விசாகதத்தர் இயற்றிய முத்திராராட்சசம் என்னும் நாடகத்திலே, சாணக்கியனுடைய ஒற்றன் யமபடம் ஏந்தி வீடுதோறும் புகுகின்றான். ஏழாம் நூற்றாண்டினராகிய பாணர், கடைத்தெருவிற் சிறுவர் சூழ ஒருவன் யமபடத்தை விரித்துக் கோலாற் சுட்டி மறுமைப்பயன் உரைத்த காட்சியை ஹர்ஷசரிதத்திற் பொறித்துள்ளார். ஒற்றன் கரந்துறைதற்கு இவ்வேடம் தக்கதாயிற்றெனின், அது நாடெங்கும் பழகிய தொழிலாதல் வேண்டும்.

தமிழ்நாட்டிலோ நூல்வளம் குறைவுடையதன்று. பதினாறாம் நூற்றாண்டிலே தில்லை மறைஞானசம்பந்தர் தமிழிற் செய்தருளிய சிவதருமோத்தரம், சுவர்க்க நரகங்களை விரித்தோதுகின்றது. எனினும் சிவாலயங்களில் நரகக் காட்சி அரிது. யமன் வருமிடத்தும் பெரும்பாலும் காலாரி மூர்த்தத்தின் திருவடிக்கீழ் வீழ்ந்தவனாகவே வருகின்றான். கடவூர் வீரட்டத்துச் செப்புத் திருமேனி யாவரும் அறிந்தது.

நரகத்தைக் கல்லில் விரித்தெழுதியவர் காம்போச நாட்டுச் சிற்பியர். பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் எடுப்பித்த அங்கோர் வாட் என்னும் திருமால் கோயிலில், தென்பாற் சுற்றாலையின் கீழைப்பகுதியில் 37 சுவர்க்கங்களும் 32 நரகங்களும் செதுக்கப்பட்டுள்ளன. எருமைமீது பல கைகளுடன் யமன் வீற்றிருக்கின்றான். அவன் தீர்ப்பை நடத்தத் தருமனும் சித்திரகுப்தனும் உளர். தீவினையாளர் ஒரு வாயில்வழியே தலைகீழாகக் கீழ்நிலைக்குத் தள்ளப்படுகின்றனர். மேல்நிலையில் மாடங்களும் ஏவலரும். கீழே மூக்கிற் கயிறு கோத்திழுக்கப்படுவோரும் மெலிந்த மேனியரும். இரண்டுக்கும் இடையே கருடவரிசை. மேல்நிலை மாடங்கள் ஒன்றுபோலவே தொடர்கின்றன. சுவர்க்கத்தைச் செதுக்கிய உளி சற்றே சோம்பிற்றுப் போலும்! நரகத்திலோ ஒன்றைப்போல் ஒன்றில்லை.

யாதனா சரீரத்துக்கெனத் தனி வடிவு அச்சிற்பியர் காணவில்லை. அணி களைந்த மக்கள் மேனியே அங்குள்ளது. குறையை நிரப்புவது எழுத்து. ஒவ்வொரு நரகத்துக்கும் அதன் பெயரும், அதனை அடைவோர் இன்னாரென்பதும் சிறு கல்வெட்டாகப் பொறிக்கப்பட்டுள்ளன. கிருமிநிசயம் என்னும் நரகம் தேவரையும் குருவையும் தாய்தந்தையரையும் மட்டுமன்றிச் சிவனடியாரையும் இகழ்ந்தோர்க்கு உரியது; மகாபத்மம் சிவனுடைய நந்தனவனத்து மலர் கொய்தோர்க்கு. திருமால் கோயிற்சுவரிலே இவ்வாறெழுதியிருத்தல் சைவர் ஊன்றி நோக்கற்பாலது. வினையின் பெயரை நீக்கிவிட்டால் அச்சிற்பம் கொடுமையின் காட்சியாய் ஒழியும்.

அற்றேல், வினையும் ஒறுப்பும் இணைந்தவளவில் சித்திரம் நிறைவெய்துமோ எனின், எய்தாது. சிவஞான சித்தியார் சுபக்கம், நோயை அறுத்தும் கீறியும் தீர்க்கும் மருத்துவனையும், மக்களை அடித்துத் திருத்தும் பெற்றோரையும் உவமை காட்டி, இறைவன் முனிவும் அருளே என்று நிறுவுகின்றது. வாளையும் புண்ணையும் எழுதலாம். நுகர்ச்சியால் வினை கழிதலை எவ்வண்ணத்தால் எழுதுவது? கண்டோர் நெஞ்சில் அச்சம் நிற்கும். அருளென்னும் உணர்வு எழாது. தமிழ்ச் சிற்பியர் நரகத்தை விடுத்துக் காலனை உதைத்த கணத்தைக் கொண்டமைக்கு இதுவே காரணமென்று துணிதற்குச் சான்றில்லை; எனினும் சித்தாந்தத்துக்கு இயைந்தது அதுவே.

பாலித்தீவில் கிளுங்குங் நகரத்துக் கெர்த்த கோச என்னும் அறமன்றத்தின் விதானம் இதனை வேறொரு வழியிற் காட்டுகின்றது. வழக்காடுவோர் தலைக்குமேலே, குந்தியின் ஏவலால் வீமன் நரகம் புக்குப் பாண்டுவையும் மாத்திரியையும் மீட்கும் கதை எழுதப்பெற்றுள்ளது. இப்போதுள்ளது 1960-இல் மீள எழுதியது. நரகர் வேகும் கொப்பரையை வீமன் கவிழ்த்துவிடுகின்றான்! மன்றத்து நடுவர்க்கு அச்சுறுத்தல் வேண்டியிருந்தது. ஓவியனுக்கோ அது போதவில்லை.

சித்திரகுப்தனுக்குக் காஞ்சியிலே தனிக்கோயில் உண்டு. எழுத்தாணியும் ஓலையும் ஏந்தியிருக்கின்றான். அவனோலைக்கு விலக்குண்டோ என்பார்க்கு, மாத்தூருக்குக் கிழக்கே கடலோரத்துள்ள திருவொற்றியூர்த் தலவரலாறு நினைவிற்கு வரும். அரசனொருவன் தலங்கள் யாவற்றுக்கும் விடுத்த இறையாணையில், எழுதினவனும் அறியாவண்ணம் இறைவன் வரிபிளந்து ஒற்றியூரை மட்டும் நீக்கி எழுதினான் என்பது அவ்வரலாறு. சேக்கிழாரும் இதனைக் குறித்தருளினர். எழுத்தறியும் பெருமான் என்பது அங்கு அவனுக்கு வழங்கும் திருப்பெயர்.