தோள்சீலை முதல் துப்பட்டா வரை

நெய்யூரில் மாணவிகளோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தங்கை சொன்னாள்: "பாசம் உள்ளதுனாலதானே அக்கா அடிக்கான்." காதலனைச் சொன்னாள். அப்பாவைப் பற்றி அம்மாவும் இதையேதான் சொல்வாராம்.

இந்த மண்ணின் வரலாற்றோடு சேர்த்து இதைப் படிக்க வேண்டும் தோழர்களே. 1822இல் இதே கல்குளம் பகுதியில், மார்பை மறைத்த ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் தாக்கப்பட்டார்கள். 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப்போல உடுத்தக் கூடாது என்று நிபந்தனை வைத்தது. பெண்ணின் உடையை அடித்துத் தீர்மானிப்பது அன்று சாதியின் அதிகாரம். இன்று துப்பட்டா சரியில்லை என்று கை ஓங்குபவர் அப்பா, அண்ணன், பிறகு காதலன்.

1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் வாசித்த கட்டுரை, அகமணமே சாதியின் சாரம் என்றது. சதி, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் எல்லாம் அதைக் காக்கப் பிறந்தவை என்றது. அந்தக் காவல் இன்று நடப்பது வீட்டுக்குள்.

தாயைத் தகப்பன் அடித்த வீட்டில் வளர்ந்த பெண்கள் கணவனின் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு இரு மடங்கு என்றது 2005-06 தேசியக் குடும்பநல ஆய்வு. காரணம் ரத்தமல்ல, பழக்கம். இன்னொன்றும் உண்டு. காதல் தெரிந்தால் வீட்டில் அடி விழும் என்ற பயமே காதலனின் ஆயுதம். "உங்க வீட்டுல சொல்லட்டுமா?" என்ற ஒரு கேள்வி போதும், அவள் வாய் மூடிவிடும்.

சட்டமும் பாதி வழியில் நிற்கிறது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் ஒரே வீட்டில் வாழ்ந்த உறவுகளுக்கே. சேர்ந்து வாழாத காதலர்களுக்கு அது பொருந்தாது. ஆனால் அடிப்பதும் மிரட்டுவதும் பின்தொடர்வதும் காதலன் செய்தாலும் குற்றம்தான். 181 எண்ணில் உதவி கேட்கலாம்.

"நம்ம சனத்தைப் பற்றி வெளியே பேசலாமா?" என்று இயக்கத் தோழர்கள் கேட்கிறார்கள். வீட்டு வன்முறை எல்லாச் சாதியிலும் உண்டு. தெருவில் விழும் அடியைக் கண்டித்துவிட்டு வீட்டில் விழும் அடிக்கு மௌனம் காப்பவருக்குச் சாதி ஒழிப்பு பேசும் தகுதி எங்கிருந்து வரும்? அடி பார்த்து வளர்ந்த எல்லோரும் அடிப்பதில்லை. அந்தத் தங்கையின் வீட்டில் முதலில் யார் நிறுத்துவது என்பதே கேள்வி.