விருப்பப் பாடம் என்னும் ஏற்பாடு: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஊர்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

திறவுச்சொற்கள்: விருப்பப் பாடம், மொழிக்கல்வி, கலைப் பிரிவு, சிறப்புத் தமிழ், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்

விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் (ஆட்சிக்காலம் 1509–1529) தெலுங்கில் இயற்றிய ‘ஆமுக்தமால்யதா’ காவியத்தின் களம் ஸ்ரீவில்லிபுத்தூர். விஷ்ணுசித்தர் எனப்படும் பெரியாழ்வாரும் சூடிக்கொடுத்த கோதையும் அதன் தலைமை மாந்தர்கள். அவ்வூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள இராஜபாளையத்தில் ராஜு சமூகத்தார் தலைமுறைகளாகத் தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்டுள்ளனர். காவியம் பாடும் ஊர் ஒன்று. அதன் மொழியைப் பேசுவோர் வாழும் ஊர் மற்றொன்று. இவ்விரு ஊர்களின் மாணவர்கள் இந்நூலைப் பள்ளிப் பாடத்தின் வழியே அணுக இயலுமா என்ற வினாவிற்கு விடை இலக்கிய வரலாற்றில் இல்லை. பாடத்தெரிவின் நிருவாக வரலாற்றில் உள்ளது. ‘விருப்பப் பாடம்’ என்னும் சொல் அவ்வரலாற்றில் எவற்றையெல்லாம் குறித்து வந்துள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1948இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அமைச்சரவை பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. வகுப்புயர்வுக்கு இந்தியில் குறைந்தபட்ச மதிப்பெண் பெறவேண்டும் என்ற விதியும் உடன் வந்தது. பெரியார் தலைமையில் எழுந்த போராட்டத்தை, முன்னர் இந்தியை ஆதரித்த திரு.வி.க.வும் ம.பொ.சிவஞானமும் ஆதரித்தனர். 1949 ஏப்ரலில் இராஜபாளையத்தைச் சேர்ந்த பூ.ச.குமாரசுவாமி ராஜா ஆட்சிப் பொறுப்பேற்றார். அவருடைய அமைச்சரவையில் கல்வித் துறையை வகித்தவர் மலபாரைச் சேர்ந்த கே.மாதவ மேனன். 1950–51 கல்வியாண்டு முதல் இந்தி விருப்பப் பாடமாயிற்று. அதைப் படிக்க விரும்பாத மாணவர்கள் இந்தி வகுப்பு நேரத்தில் பள்ளியின் பிற செயல்பாடுகளில் ஈடுபடலாம் எனவும் அனுமதிக்கப்பட்டது.

தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் ஆகிய நான்கு மொழிகளும் வழங்கிய மாநிலம் அது. தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்ட சமூகத்தில் தோன்றித் தமிழ் மாவட்டத்தில் அரசியல் வாழ்வு நடத்திய ஒருவரின் ஆட்சியில் இம்மாற்றம் நிகழ்ந்தது தனியே கருதத்தக்கது. தம் இல்லத்தைக் காந்தி கலை மன்றத்திற்கு அளித்தவர் என்று ஊரார் அவரை நினைவுகூர்கின்றனர். பாடத்தெரிவின் வரலாற்றில் அவர் பெயர் அரிதாகவே பேசப்படுகிறது. போராட்டம் எழுதப்பட்ட அளவிற்கு அதன் முடிவாக வந்த ஏற்பாட்டின் உள்ளமைப்பு எழுதப்படவில்லை. அங்கு ‘விருப்பம்’ என்பது மறுக்கும் உரிமையைக் குறித்தது. எதை விரும்பலாம் என்ற வினாவை அது எழுப்பவில்லை. இந்தியை மறுத்த மாணவருக்கு அந்நேரத்தில் மற்றோர் இந்திய மொழியை ஈடாக வழங்குவது அதன் நோக்கமன்று. 1968 ஜனவரி 23இல் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் இருமொழிக் கொள்கையை நிறுவியபோது, மறுப்பதற்கான பாடமும் அரசுப் பள்ளிகளிலிருந்து நீங்கியது.

1978இல் மேல்நிலைக் கல்வி அறிமுகமானது. தெரிவின் பொருள் இங்கு முற்றிலும் மாறியது. மாணவர் பாடத்தைத் தெரிவு செய்வதில்லை. பாடத் தொகுதியைத் தெரிவு செய்கிறார். இரு மொழிகளுக்கு அப்பாற்பட்ட நான்கு பாடங்களும் முன்னரே கட்டப்பட்ட தொகுப்புகளாக வருகின்றன. வரலாறு, புவியியல், பொருளியல் ஆகியவற்றோடு சிறப்புத் தமிழைப் படிக்கலாம். இயற்பியல், வேதியியலோடு அதைப் படிக்க இயலாது. தொழிற்கல்விச் சேர்க்கைக்குரிய ‘கட்-ஆஃப்’ கணக்கில் மொழிப்பாட மதிப்பெண் இடம்பெறாததால், அறிவியல் பிரிவில் மொழி தேர்ச்சிக்குரிய பாடமாகச் சுருங்கிற்று. மொழிப்பகுதியில் தமிழுக்கு மாற்றாகப் பிரெஞ்சையோ சமஸ்கிருதத்தையோ எடுப்போர் பலருக்கும் மதிப்பெண்ணே அளவுகோல். மேல்நிலைத் தேர்ச்சி விழுக்காட்டில் பல்லாண்டுகள் முதலிடம் வகித்த விருதுநகர் மாவட்டத்திலேயே இவ்விரு ஊர்களும் உள்ளன என்பதையும் இவ்விடத்தில் கருதவேண்டும். தேர்ச்சி விழுக்காடு எத்தனை பேர் வென்றனர் என்பதைக் கூறும். எந்தப் பாடங்கள் தெரிவிலிருந்தே விலகின என்பதைக் கூறாது. கலைப் பிரிவையே தொடங்காத தனியார் பள்ளிகள் மாநிலமெங்கும் உள்ளன.

2006ஆம் ஆண்டின் தமிழ் கற்பிக்கும் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைப் படிப்படியாக முதற்பகுதியில் கட்டாயமாக்கியது. தமிழையே படிக்காமல் பள்ளிக் கல்வியை முடிக்கலாம் என்றிருந்த நிலையை மாற்ற அது தேவைப்பட்டது. அச்சட்டத்தின் அமைப்பில் தமிழும் ஆங்கிலமும் அல்லாத தாய்மொழிகள் நான்காம் பகுதியில் விருப்பப் பாடமாயின. அதன் மதிப்பெண் மொத்தத்தில் சேராது என்ற நடைமுறை வந்தது. 1950இல் இந்திக்கு வழங்கப்பட்ட ‘விருப்பம்’ என்னும் அதே சொல், அரை நூற்றாண்டிற்குப் பின் தெலுங்கிற்கு வழங்கப்பட்டது. முன்னதில் அச்சொல் திணிக்கப்பட்ட பாடத்திலிருந்து மாணவரை விடுவித்தது. பின்னதில் வீட்டுமொழியை எழுதப் படிக்கக் கற்கும் முயற்சியைத் தேர்வுக் கணக்கிற்கு வெளியே நிறுத்தியது.

இனி ஆமுக்தமால்யதாவிற்கு வரலாம். கோதையின் பாசுரங்கள் தமிழ்ப் பாடத்திற்குரியவை. கிருஷ்ணதேவராயர் வரலாற்றுப் பாடத்திற்குரியவர். அங்கு நூலின் பெயர் கிடைக்கும், நூலை வாசிக்கும் மொழி கிடைக்காது. அம்மொழி நான்காம் பகுதியில் உள்ளது. அதுவும் பத்தாம் வகுப்பு வரை, ஆசிரியர் இருக்கும் பள்ளிகளில் மட்டும். மேல்நிலையில் சிறப்புத் தமிழும் வரலாறும் ஒரே தொகுதியில் அமையும் கலைப் பிரிவு ஒன்றே இவற்றுள் இரண்டை இணைக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875இல் தொடங்கப்பட்ட பென்னிங்டன் நூலகம் போன்ற பொது நூலகங்களில் இப்பகுப்பு இல்லை. வாசகர் எந்த அடுக்கிலிருந்தும் எந்த நூலையும் எடுக்கலாம். பள்ளியிலோ, அறிவியல் பிரிவில் சேரும் மாணவருக்கு இம்மூன்றில் எஞ்சுவது பொதுத் தமிழ்த்தாள் மட்டுமே.