அவசரம் என்னும் குறி: தந்தி முதல் மின்னஞ்சல் வரை

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நெடுங்காலம் வாழ்ந்த முதியோரிடம் தந்தியைப் பற்றி வினவினால், உறையைப் பிரிக்குமுன்னரே வீட்டார் அழத் தொடங்கிய கதையைக் கூறுவர். தந்திச் சேவகன் வாயிலில் நின்றமையே செய்தியின் தன்மையை உணர்த்தப் போதுமாயிருந்தது. இன்று கணினி நிரலொன்று அனுப்பும் மின்னஞ்சலிலும் அவசரக்குறி இடலாம். அதனைக் கண்டு கலங்குவார் எவருமிலர். ஒரே குறி இவ்வாறு வலுவிழந்தமைக்குக் காரணம் யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஐரோப்பியத் தபாற் கப்பல்கள் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியிற் காலித் துறைமுகத்தையே அடைந்தன. அங்கிருந்து செய்தியைக் கொழும்புக்கு முந்திக் கொணரும் பொருட்டுச் 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகை 1850 அளவிற் புறாக்களைப் பழக்கிற்று. 1858இல் இவ்விரு நகரங்களுக்குமிடையே தந்திக்கம்பி இயங்கத் தொடங்கவே புறாக்கள் ஓய்வு பெற்றன. புறாவிடத்து முந்துரிமைச் சிக்கல் எழுவதில்லை. தன் செய்தியை அது தானே சுமந்து பறக்கும். கம்பியிலோ ஒன்று செல்லும்போது மற்றையவை காத்திருத்தல் வேண்டும். யாருடையது முதலிற் செல்வது என்னும் வினா அங்கேதான் பிறந்தது.

இதற்கு விடை வகுத்தது 1875இற் சென் பீற்றர்ஸ்பேர்க்கிற் கூடிய அனைத்துலகத் தந்தி மாநாடு. அரசாங்கத் தந்திகளுக்கு முதலிடம் அளிக்கப்பட்டது. தனியார் மும்மடங்கு கட்டணம் செலுத்தித் தம் தந்தியை ஏனைய தனியார் தந்திகளுக்கு முன்னே அனுப்பலாம். அதற்கு அடையாளம் 'டி' என்னும் ஓரெழுத்து. அவசரம் எனப் பொருள்படும் ஜேர்மன் சொல்லின் முதலெழுத்து அது. வறியவன் வீட்டுச் சாவும் செல்வன் வீட்டுச் சரக்கு விலையும் ஒரே கம்பியில் வந்தால், விலையே முந்தும். இது நீதியன்று. ஆயினும் குறியிட்டவன் பணம் கொடுத்தான். சுமந்த நிலையம் அதற்குக் கட்டுப்பட்டது என்பது மனங்கொளத்தக்கது.

மின்னஞ்சலில் இவ்விரண்டும் இல்லை. 1982இல் வெளியான ஆர்.எப்.சி. 822 என்னும் அடிப்படை விதிநூல் முந்துரிமைக்கென ஒரு வரியையும் வகுக்கவில்லை. 1984இன் எக்ஸ்.400 முறையில் அத்தகைய படிநிலைகள் இருந்தன, 1992இன் ஆர்.எப்.சி. 1327 அவற்றை மின்னஞ்சலின் தலைப்புவரிகளாகப் பெயர்த்தது. இதற்குப் புறம்பாக, அஞ்சல் மென்பொருள்கள் 'எக்ஸ்-பிரையோரிட்டி' என்னும் வரியைத் தாமே வழக்கிற் கொணர்ந்தன. அதில் 1 மிக உயர்ந்தது, 3 இயல்பானது, 5 மிகத் தாழ்ந்தது. நிரல் எழுதுவோர் அவ்வரியைத் தலைப்பிற் சேர்த்தாற் போதும்; டொட்நெட் போன்ற கருவித்தொகுதிகளில் உயர்வு, இயல்பு, தாழ்வு என மூன்றில் ஒன்றைத் தெரிந்தாற் போதும்.

ஆனால் அஞ்சல் இதனால் முன்னதாகச் செல்வதில்லை. வழியிலுள்ள வழங்கிகள் பொதுவாக அவ்வரியைப் பொருட்படுத்துவதில்லை. பெறுபவரின் திரையில் ஒரு செந்நிற வியப்புக்குறி தோன்றலாம், அவ்வளவே. செலவின்றி இடத்தக்க குறியாதலின் விளம்பரக்காரரும் அதனை விரும்பினர். விளைவாக, குப்பையஞ்சல் வடிகட்டிகள் சில அதனையே ஐயத்துக்குரிய அடையாளமாகக் கொண்டன. மெய்யான அவசரம் தன் குறியினாலேயே தடைபடவும் கூடும்!

1990களிற் போரினால் வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள விடுதிகளில் தங்கியோர், வெளிநாடு சென்ற பிள்ளையின் அழைப்புக்காகத் தொலைபேசிக் கடைகளிற் காத்திருந்தனர். 'சுகமாகச் சேர்ந்தேன்' என்னும் செய்தியின் அவசரத்தை அறிந்தவர் அதைக் கேட்டவரே. தந்தி விதியும் தலைப்புவரியும் அனுப்புபவரையே நீதிபதியாக்கின, பெறுபவரை வினவியதில்லை.

வழங்கிகளும் முந்துரிமையை மதிக்கும் வழியொன்றை 2012இல் ஆர்.எப்.சி. 6710 வகுத்தது. அதன் அளவை -9 முதல் 9 வரை செல்லும். அனுப்பும் வழங்கியும் ஏற்கும் வழங்கியும் அதனை ஒப்புக்கொண்டிருத்தல் வேண்டுமாதலின், பொது அஞ்சலில் அது பரவவில்லை.