பேங்க், பாங்கோ, பெஞ்சு

மொழியியல் வகுப்பில் 'பேங்க்' என்னும் ஆங்கிலச் சொல்லைச் சந்திக்காதவர் அரியர். ஆற்றங்கரை ஒன்று, பணம் போடும் வங்கி மற்றொன்று. தற்செயலாக உருவம் ஒத்துப்போன இரு வேறு சொற்கள் என்பது பாடம். முதுகலைத் தேர்வில் நானும் அப்படியே எழுதி மதிப்பெண் பெற்றேன். ஸ்பானியம் கற்கத் தொடங்கிய பின்னரே அந்தத் 'தற்செயலாக' உறுத்தியது.

ஸ்பானியத்தில் வங்கி 'பாங்கோ'. பூங்காவில் அமரும் நீள் இருக்கையும் பாங்கோதான். கடலடி மணல்திட்டு, மீன்கூட்டம், குருதி வங்கி ஆகியவற்றுக்கும் அதே சொல். ஆற்றங்கரைக்கு மட்டும் அது ஆகாது. 'ஒரிய்யா' அல்லது 'ரிபெரா' என்றே சொல்ல வேண்டும். (நாம் மேற்குக் கரை என்னும் நிலப்பகுதியோ அங்கே 'சிஸ்ஹோர்தானியா', அதாவது ஜோர்தானுக்கு இப்பக்கம். ஆங்கிலப் பெயரில் ஆறு நடுவே நிற்கிறது. ஸ்பானியப் பெயரைச் சொல்பவர் மத்தியதரைக் கடல் பக்கம் நிற்கிறார். மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டிய இடம் இது.)

ஆங்கிலம் வங்கியைக் கரையோடு நிறுத்துகிறது. ஸ்பானியம் இருக்கையோடு நிறுத்துகிறது. வரலாற்றில் மூன்றும் ஒரே குடும்பம். இருக்கையையும் மேட்டையும் குறித்த ஒரு ஜெர்மானிய வேர் ஆங்கிலத்துக்குள் மூன்று வழிகளில் வந்து சேர்ந்தது. 'பெஞ்ச்' அதன் சொந்தச் சொத்து. பழைய ஆங்கிலத்திலேயே உண்டு. கரை என்னும் பொருளுடைய 'பேங்க்' 1200ஐ ஒட்டி, பெரும்பாலும் ஸ்காண்டிநேவியரிடமிருந்து வந்தது. வங்கியோ சுற்றிவந்தது: ஜெர்மானியச் சொல் இத்தாலியத்துள் புகுந்து, நாணயம் மாற்றுவோர் கடைவிரித்த பலகையைக் குறித்து, பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தை அடைந்தது.

நொடித்துப்போதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலும் அந்தப் பலகை உண்டு. இத்தாலியத்தில் அதன் மூலத்துக்கு 'முறிந்த பலகை' என்று பொருள். கடனாளியின் பலகையை உண்மையிலேயே உடைத்தார்கள் என்னும் கதையை நான் நம்பவில்லை, உருவகமே போதும். ஸ்பானியம் 'பாங்கரோட்டா' என்று இச்சொல்லைக் கடன் வாங்கியும், சட்ட வழக்கில் 'கியெப்ரா' என்றது: பலகை போய், முறிவு மட்டும் மிஞ்சியது.

ஸ்பானிய அகாதெமியின் அகராதி இருக்கையையும் வங்கியையும் ஒரே தலைச்சொல்லின் கீழ் வைக்கிறது. ஆங்கில அகராதிகள் கரையையும் வங்கியையும் தனித்தனித் தலைச்சொற்களாகப் பிரிக்கின்றன. இன்று பேசுபவரின் மனத்தில் அவ்விரண்டுக்கும் தொடர்பில்லை என்பதால் அப்பிரிப்பு சரியே. என் பழைய விடையும் அந்த அளவில் பிழையன்று. அதிலிருந்து 'தற்செயலாக' என்பதை மட்டும் அடித்துவிடுவேன்.